புது ரிம் போட்டதும் ஸ்டீரிங் ஆடுகிறதா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கார் வாங்கிச் சில ஆண்டுகள் ஆனதும் நம்மில் பலர் முதலில் மாற்றுவது ரிம்மும் டயரும்தான். தீபாவளிக்கு ஊர் திரும்பும் முன்போ பள்ளி விடுமுறைக்கு முன்போ டயர் கடைக்குப் போகிறோம். 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டுக்கொண்டு வருகிறோம். பட்டணத்துச் சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டீரிங் கையில் நடுங்கத் தொடங்குகிறது.

பட்டறைக்குப் போனால் ஒருவர் அலைன்மென்ட் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் அப்சார்பர் போய்விட்டது என்கிறார். மூன்றாமவர் லோவர் ஆர்ம், டை ராட் எல்லாவற்றையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார். மாதச் சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதற்குப் பிறகும் ஸ்டீரிங் ஆடினால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிம் மாற்றும் வரை ஆடாத வண்டி, மாற்றிய அன்றே ஆடத் தொடங்கினால், முதலில் தேட வேண்டிய இடம் மாற்றிய இடமே. பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும், செலவும் குறைவாகவே ஆகும். செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவுள்ள சோதனைக்குப் படிப்படியாகப் போகும் முறை இதோ.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. சிலவற்றோடு வீடுவரை மெதுவாக ஓட்டிப் போகலாம். சிலவற்றோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போகக்கூடாது. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சிக்னல் போட்டுச் சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

- ஆட்டம் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போவது.
- மெதுவாகப் போகும்போதும் சக்கரப் பக்கமிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருவது.
- டயரின் பக்கவாட்டில் அல்லது மேற்பரப்பில் வீக்கம், கட்டி தெரிவது.
- ஒரு சக்கரம் மட்டும் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவது.
- வீல் நட் ஒன்று காணாமல் போயிருப்பது, அல்லது கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருப்பது.

முதல் இரண்டும் பெரும்பாலும் நட் தளர்வதன் அடையாளம். ரிம் மாற்றிய முதல் சில நாட்களில் இந்த ஆபத்து அதிகம். நட் கழன்றால் சக்கரமே கழன்று ஓடும். நெடுஞ்சாலையில் அப்படி ஓடும் சக்கரம் எதிரில் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் உயிரையும் வாங்கும். எனவே ஸ்டீரிங் ஆடினால் முதல் வேலை, வண்டியில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்து நட்டுகளையும் சோதிப்பது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஸ்டீரிங் ஏன் நடுங்குகிறது?

சக்கரம் சுற்றும்போது அதன் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வடிவமும் சரியான வட்டமாக இருக்க வேண்டும். சுற்றும் மையமும் ரிம்மின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வண்டியை உதைக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 185/55 அளவுள்ள 15 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.84 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். இந்த இழுப்பு வினாடிக்கு 15 முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். அதைத்தான் கையில் நடுக்கமாக உணர்கிறோம்.

50 கிலோமீட்டர் வேகத்தில் இதே 30 கிராமின் விசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பட்டணத்துக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் தெரிவதற்கு இதுவே காரணம். சில வண்டிகளில் 90க்கும் 110க்கும் இடையில் நடுங்கும், அதற்கு மேல் குறைந்ததுபோல் இருக்கும். வண்டியின் ஸ்டீரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் இயல்பான அதிர்வு எண் ஒன்று உண்டு. சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் பெரிதாகும், தாண்டியதும் சற்று அடங்கும். குறை நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்

"ஸ்டீரிங் ஆடுது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கால் ஊகிக்கத்தான் முடியும். இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். சோதனைக்காக வேக வரம்பைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

1. எந்த வேகத்தில்? 80க்கு மேல் தொடங்கினால் முதல் சந்தேகம் பேலன்சிங், அல்லது ரிம் நடுவில் உட்காராதது. 20 முதல் 40க்குள்ளேயே ஸ்டீரிங் இடமும் வலமும் அசைந்தால், ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரின் உட்பட்டைகள் பிரிந்திருக்கலாம். இரண்டாவது வகை ஆபத்தானது.

2. எங்கே தெரிகிறது? கையில், ஸ்டீரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

3. பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? பிரேக்கை மிதித்தால் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் பக்கம் பார்க்க வேண்டும். எண்ணெய் கொடுக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் அல்லது எஞ்சின் மவுண்டிங். இரண்டும் இல்லாமல் சீராக ஓடும்போதே நடுங்கினால் சக்கரம்.

4. எப்போதிலிருந்து? ரிம் மாற்றிய அன்றே தொடங்கியதா, இரண்டு வாரம் கழித்தா, பெரிய குழியில் விழுந்த பிறகா? அன்றே என்றால் பொருத்தியதில் குறை. பிறகு என்றால் நட் தளர்ந்திருக்கலாம், ஈயம் விழுந்திருக்கலாம், ரிம் அடிபட்டிருக்கலாம்.

டயர் கடைகளில் பெரும்பாலும் மலாயில்தான் பேச வேண்டியிருக்கும். "ஸ்டீரிங் கெகார்" என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். அதோடு வேகத்தையும், பிரேக் மிதிக்கும்போதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிம் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா?

ரிம் வாங்கும்போது நாம் அளவையும் அழகையும் பார்க்கிறோம். வண்டியில் அது எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு நான்கு.

நடுத்துளை: வண்டியின் ஹப் நடுவில் ஒரு மேடு இருக்கும். ரிம்மின் நடுத்துளை அதில் கச்சிதமாக நுழைய வேண்டும். வண்டியோடு வரும் ரிம்மில் இந்த அளவு மிகச் சரியாக இருக்கும். கடையில் விற்கும் ரிம் பல வகை வண்டிகளுக்கும் போட வேண்டும் என்பதால் பெரிய துளையோடு செய்யப்படுகிறது. பெரோடுவா மைவியின் ஹப் அளவு 54.1 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டிக்கு 56.1. கடை ரிம்களில் 67.1, 73.1 போன்ற அளவுகளே அதிகம். 73.1 துளையுள்ள ரிம்மை மைவியில் மாட்டினால் சுற்றிலும் 9.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங் என்னும் வளையம் இருக்கிறது. பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கும். விலை அதிகமில்லை.

ரிங் இல்லாமலும் சில வண்டிகள் ஆடாமல் ஓடும். நட்டுகளின் கூம்பு வடிவமே ரிம்மை நடுவில் நிறுத்திவிடும். ஆனால் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் விலகினாலே நெடுஞ்சாலையில் தெரிந்துவிடும். பேலன்ஸ் மிஷின் இந்தக் குறையைக் காட்டாது. மிஷினில் ரிம் வேறு கூம்பில் நடுவாக நிற்கிறது, வண்டியில் நடு தவறி நிற்கிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் ஆட்டம் போகவில்லை என்றால் முதலில் ஹப் ரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிசிடி: நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் இது. மைவி, சிட்டி போன்ற வண்டிகளுக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். 98 மில்லிமீட்டர் ரிம்மும் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று அடித்து இறுக்கினால் நட் ஏறிவிடும், ஆனால் எதுவும் நேராக உட்காராது. போல்ட் வளைந்த நிலையிலேயே ஓடி ஒருநாள் முறியும். ஐந்து துளை ரிம்மில் 112க்கும் 114.3க்கும் இதே கதைதான். ஹாஃப்கட் கடையில் பழைய ரிம் வாங்குவோர், ரிம்மின் பின்பக்கம் அல்லது ஆரக்காலின் உட்புறம் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

நட்: நட்டின் அடிப்பகுதி ரிம்மின் துளையில் எப்படி உட்காருகிறது என்பது முக்கியம். கடை ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் சொந்த ரிம்களுக்கு உருண்டை அடி கொண்ட நட். சில டொயோட்டா ரிம்களுக்கு வாஷரோடு தட்டையான நட். பழைய ரிம்மின் நட்டையே புது ரிம்முக்குப் போட்டால் நட் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுக்கியதுபோல் தெரியும், சில நூறு கிலோமீட்டரில் தளரும். மேலும், நட் கையாலேயே குறைந்தது ஏழெட்டுச் சுற்று உள்ளே போக வேண்டும். மூன்று, நான்கு சுற்றிலேயே நின்றுவிட்டால் அந்த ரிம்மோடு சாலையில் இறங்கக்கூடாது.

ஆஃப்செட்: ரிம்மின் மேல் 'ஈடி 45', 'ஈடி 35' என்று இருக்கும். எண் 10 குறைந்தால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். அப்படி வெளியே வந்த சக்கரம் ஸ்டீரிங்கை அதிக விசையோடு இழுக்கும். முன்பு தெரியாத சின்னக் குறையும் இப்போது கையில் தெரியும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றால் ஜேபிஜே சாலைச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

டயரின் அளவையும் ஒருமுறை பாருங்கள். 175/65 அளவு 14 அங்குல டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். 185/55 அளவு 15 அங்குல டயரின் விட்டம் 584.5 மில்லிமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ரிம் பெரிதாகும்போது டயரின் பக்கவாட்டு உயரம் குறைந்து இப்படிச் சமமாக வேண்டும். கடைக்காரர் கையில் இருக்கும் சரக்கைத் தள்ளிவிட முயலும்போது இந்தக் கணக்கு உதவும்.

மாட்டும் முறையில் நேரும் தவறுகள்

நல்ல ரிம், நல்ல டயர், சரியான நட் எல்லாம் இருந்தும் ஆடலாம். காரணம் மாட்டிய விதம்.

பழைய ரிம்மைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தில் துருவும் மண்ணும் ஒட்டியிருக்கும். அதைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் அதன் மேலேயே புது ரிம்மை மாட்டினால் ரிம் சாய்ந்து நிற்கும். ஹப் பக்கத்தில் ஒரு சின்னத் துருக்கட்டி இருந்தால் டயர் ஓரத்தில் அந்தச் சாய்வு மூன்று, நான்கு மடங்காகத் தெரியும். பழைய ரிம்மோடு இருந்த மெல்லிய கிளிப், டிஸ்க்கைப் பிடிக்கும் ஸ்குரூவின் தலை ஆகியவையும் புது ரிம்மைத் தூக்கி நிறுத்தலாம்.

நட் இறுக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. வண்டி ஜாக்கில் இருக்கும்போதே எல்லா நட்டையும் கையால் ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிர் நட்டாக, நட்சத்திரம் வரைவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டியைக் கீழே இறக்கிய பின்னரே டார்க் ஸ்பேனரால் கடைசி இறுக்கம். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரையொட்டி இருக்கும். உங்கள் வண்டிக்குரிய எண் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளது.

பல கடைகளில் வேகத்துக்காகக் காற்றுக் கன்னை வைத்து ஒரே அடியாக இறுக்கிவிடுகிறார்கள். ஒரு நட் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறுகினால் டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும், பிரேக் பிடிக்கும்போது நடுங்கும். அளவுக்கு மீறி இறுகிய நட்டை, நடுவழியில் டயர் பஞ்சரானால், வண்டி ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. தனியாக ஓட்டிவரும் அம்மாவோ தங்கையோ இருட்டில் சாலையோரம் நிற்க வேண்டிவரும்.

புது ரிம் போட்டபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். இது எல்லா வண்டிக்கும் பொது.

பேலன்சிங்: எதைக் கவனிப்பது?

பேலன்ஸ் மிஷின் சக்கரத்தைச் சுழற்றி, எங்கே எவ்வளவு எடை குறைகிறது என்று காட்டும். அங்கே ஈயத்தை ஒட்டி இரு பக்கமும் பூஜ்ஜியம் வரச் செய்வார்கள். ஆனால் மிஷினில் ரிம் கோணலாகப் பொருத்தப்பட்டால் காட்டும் பூஜ்ஜியமும் பொய்தான்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பூஜ்ஜியம் வந்தபின் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். எண் ஏறக்குறைய அதுவே வந்தால் வேலை சரி. 15, 20 கிராம் என்று மாறினால் ரிம் மிஷினில் நடுவாக நிற்கவில்லை. "பாஸ், ஒரு முறை திருப்பி வச்சுப் பாருங்க" என்று பணிவாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இன்னும் மூன்று விஷயங்கள்:

- பழைய ரிம்மில் முன்பு ஒட்டிய ஈயத்தையும் பசையையும் சுத்தமாக எடுத்த பிறகே புதிது ஒட்ட வேண்டும். அழுக்கின் மேல் ஒட்டிய ஈயம் மழையிலும் சூட்டிலும் விழுந்துவிடும். ரிம்மின் உட்புறத்தில் ஈயம் இருந்த செவ்வக வடு மட்டும் தெரிந்தால் அது விழுந்துவிட்டது என்று அர்த்தம்.
- ஒரு சக்கரத்துக்கு மட்டும் மிக அதிகமான ஈயம் தேவைப்பட்டால், ஈயத்தை அடுக்கிக்கொண்டே போவது தீர்வல்ல. டயரைக் கழற்றி ரிம்மின் மேல் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம்.
- டயரை ரிம்மில் ஏற்றச் சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். அது காய்வதற்குள் பலமாகப் பிரேக் அடித்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும், பேலன்ஸ் போய்விடும். முதல் நாள் நிதானமாக ஓட்டுங்கள். வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் நகர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

டயரும் ரிம்மும் வட்டமாக உள்ளனவா?

பேலன்ஸ் சரியாக இருந்தும் சக்கரம் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். சப்பாத்தி உருண்டை மாதிரி ஒரு பக்கம் சப்பையாக இருந்தாலும் ஈயம் வைத்து எடையைச் சமன் செய்துவிட முடியும். உருளும்போது மட்டும் தடக் தடக் என்று உதைக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் கைப்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. ஒரு குச்சியை அசையாமல் தரையில் ஊன்றி, முனையை ரிம்மின் ஓரத்துக்கு அருகில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்தால் பட்டறையில் காட்ட வேண்டும். அதே குச்சியை டயரின் மேற்பரப்புக்கு நேராக வைத்தும் பாருங்கள்.

டயர் ரிம்மைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். ரிம்மிலிருந்து அந்தக் கோட்டின் தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, மீண்டும் சோப்புப் பூசி ஏற்றினால் சரியாகிவிடும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பயன்படுத்திய டயரோ, மலாயில் 'செலுப்' எனப்படும் மறுபூச்சு டயரோ வாங்கினால் வீக்கமும் வெடிப்பும் உள்ளனவா என்று தடவிப் பாருங்கள். காற்றழுத்தத்தையும் சோதியுங்கள். டயரை உட்கார வைக்க அதிகக் காற்று அடித்துவிட்டுக் குறைக்க மறந்துவிடும் கடைகள் உண்டு. சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். எண்ணெய் நிலைய மீட்டர் கிலோ பாஸ்கலில் காட்டும். 230 கிலோ பாஸ்கல் என்பது ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ.

தோட்டச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைநாளில் ஓட்டினால், ரிம்மின் உட்புறத்தில் சேறு அப்பிக்கொள்ளும். வெயிலில் அது கல்லாக இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் நூறு கிராம் மண் ஒட்டியிருந்தாலே நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் உதறும். பேலன்சிங் செய்யப் போகும் முன் வண்டியைக் கழுவுங்கள், ரிம்மின் உட்புறத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சில சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். சேற்றோடு பேலன்சிங் செய்தால் அடுத்த மழையில் சேறு கரைந்ததும் மீண்டும் ஆடும்.

அதே சாலையின் குழிகளில் பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் எளிதில் அடிபடும், ரிம்மும் எளிதில் வளையும். தினமும் மண்சாலையில் ஓட்டுவோர் ரிம்மை இரண்டு அங்குலம் பெரிதாக்குவதற்கு முன் நன்கு யோசிக்க வேண்டும்.

அலைன்மென்ட் செய்தால் போகுமா?

போகாது. பலர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் பார்க்கும் கோணத்தைச் சரிசெய்வது. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேராக ஓடும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு பக்கம் தேயும். நடுக்கத்துக்கு அது நேரடிக் காரணம் அல்ல. புது டயர் போட்டதும் அலைன்மென்ட் செய்வது டயருக்கு நல்லதுதான், ஆனால் நடுக்கத்துக்கு மருந்தாக அதை வாங்காதீர்கள்.

பழைய பாகங்களைச் சந்தேகப்பட வேண்டிய நேரம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால்தான் டை ராட், பால் ஜாயின்ட், லோவர் ஆர்ம் புஷ், பேரிங் பக்கம் வர வேண்டும். புதிய, அகலமான டயர் பழைய தளர்வை வெளிக்காட்டுவது உண்மைதான். ஆனால் சோதிக்காமல் மாற்றக்கூடாது. சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, 3 மணி, 9 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிந்தால் டை ராட். 12 மணி, 6 மணி நிலையில் அசைந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். வேகத்தோடு சேர்ந்து 'ஊம்' என்று முனகல் கூடினால் பேரிங். பாகத்தை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், "அண்ணே, அந்த ஆட்டத்தை எனக்கும் ஒருமுறை காட்டுங்க" என்று கேளுங்கள். உண்மையில் தளர்ந்திருந்தால் காட்ட முடியும்.

சுருக்கமாக, சோதனை வரிசை

1. நட் இறுக்கம், டயர் வீக்கம், காற்றழுத்தம்.
2. ரிம்மின் உட்புறச் சேறு, விழுந்த ஈயம்.
3. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சுழற்சித் திசைக்கு அம்புக்குறி உள்ள டயரை அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும். ஆட்டம் கையிலிருந்து இருக்கைக்குப் போனால் குறை சக்கரத்தில்தான். இடம் மாறாவிட்டால் வண்டியில் அல்லது ஹப்பில்.
4. பழைய ரிம்மும் டயரும் இன்னும் இருந்தால் அவற்றை மாட்டி ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் வண்டியில் குறை இல்லை. இதைவிட உறுதியான சோதனை வேறில்லை. எனவே பழைய ரிம்மை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள்.
5. ஹப் முகம் சுத்தம், ஹப் ரிங், சரியான நட், நட்சத்திர வரிசையில் இறுக்கம்.
6. மீண்டும் பேலன்சிங், திருப்பிவைத்துச் சோதனை.
7. ரிம், டயர் வட்டச் சோதனை. டயரை உருளையால் அழுத்திப் பார்க்கும் ரோட் ஃபோர்ஸ் மிஷின் உள்ள கடை இருந்தால் அங்கே.
8. கடைசியாகத்தான் பிரேக் டிஸ்க், பேரிங், சஸ்பென்ஷன்.

கடை பொறுப்பேற்க மறுத்தால்

ரிம், டயர் வாங்கும்போது அளவு, எண்ணிக்கை, விலை, உங்கள் வண்டி எண் எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குறை தெரிந்ததும் காலம் கடத்தாமல் அதே கடைக்குப் போங்கள். வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள், சான்றாக இருக்கும். முதலில் நயமாகப் பேசினால் பெரும்பாலான தவுக்கேக்கள் மறுபடி பேலன்சிங் செய்தோ, ரிங் போட்டோ கொடுத்துவிடுவார்கள்.

வண்டிக்குப் பொருந்தாத ரிம்மைப் பொருந்தும் என்று சொல்லி விற்றுவிட்டுக் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விற்கும் பொருள் சொன்ன பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ரசீது இல்லாமல் போனால் பேச்சு எடுபடுவது கடினம்.

நெடுந்தூரப் பயணத்துக்கு முதல் நாள் மாலை ரிம் மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாரம் முன்பே மாற்றி, உள்ளூரில் ஓட்டி, நட்டை மறுபடி இறுக்கி, பக்கத்து நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் போய்வந்து பார்த்துவிட்டால், குடும்பத்தோடு கிளம்பும் நாளில் கை நடுங்காது.